பேராச்சி செய்த இருட்டுப் பொடி

பன்வேல் போகும் ரயிலின் பெண்கள் பெட்டியில், பக்கத்தில் உட்காரும் புதியவர் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், பேராச்சி இந்தியில் ஒரே பதில்தான் சொல்வாள். இருட்டுப் பொடி செய்கிறேன் என்பாள். கேட்டவர் முழிப்பார். அவர் முழிக்க வேண்டும் என்றுதான் அவள் அப்படிச் சொல்வதே. அவள் குர்லாவில் ஏறுகிறவள், நான் கோவண்டியில். நான் ஏறும்போதே கூட்டத்துக்குள் அவளுடைய இரண்டு விரல்கள் காற்றைக் கத்தரித்துக்கொண்டிருப்பது தெரியும். இன்றைக்கு யாரோ சிக்கிக்கொண்டார் என்று எனக்குப் புரிந்துவிடும்.

அவள் சொல்லும் கதை இதுதான். நம் உடம்பில் என்சைம்கள் இருக்கின்றன. நொதி என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அவற்றில் சில கத்தரிக்கோல் மாதிரி, புரதத்தை வெட்டுகிறவை. புற்றுக்கட்டியில் ஒரு வகைக் கத்தரி அளவுக்கு மீறி ஓடும். சுற்றியுள்ள சதையை வெட்டி வழி உண்டாக்கிக் கொடுக்கும். கட்டி பரவும். அந்தக் கத்தரியைப் பிடித்து நிறுத்தும் மருந்து எது என்று ஆராய்ச்சிக்காரர்கள் ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதித்துத் தேடுகிறார்கள். கத்தரி ஓடுகிறதா நின்றதா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் அது வெட்டுவதற்கென்றே ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும். அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்து, கடைசி மணியில் கூமரின் என்ற ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கட்டியிருக்கிற வரைக்கும் கூமரின் இருட்டாக இருக்கும். கத்தரி வெட்டியதும் அவிழ்ந்து விழுந்து, புறஊதாக்கதிர் விளக்கில் நீலமாக ஒளிரும். ஒளி வந்தால் கத்தரி ஓடுகிறது. மருந்து ஊற்றியும் ஒளி வரவில்லை என்றால் கத்தரியை எதுவோ பிடித்துவிட்டது. அந்த மருந்தைத்தான் தேடுகிறார்கள்.

மான்குர்டு தாண்டி ரயில் கடல்பாலத்தில் ஏறும்போது அவள் இந்த இடத்துக்கு வந்திருப்பாள். கேட்டுக்கொண்டிருந்தவர் பெரும்பாலும் தன் வீட்டில் யாருக்கு வந்தது, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல ஆரம்பிப்பார். பேராச்சி கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள்.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று யோசித்துப் பார்த்தேன். நானும் அவளும் ஒரே லேபில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் எங்களுக்கு முன்னால் கல்லூரிக்குப் போனவர் கிடையாது. ஆனால் எனக்கு வேலை என்பது சொன்னதைச் செய்துவிட்டு ஐந்தரை ரயிலைப் பிடிப்பது. அவளுக்கு அப்படி இல்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தாராவியில் இரும்பு ஏணி ஏறிப் போகும் ஒரு மாடி அறையில் அவள் அப்பா ராஜபாண்டியும் அம்மா விஜயலட்சுமியும் பனியன், டீஷர்ட்டுகளுக்குப் பிசிறு வெட்டி, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுக்கிறார்கள். வெட்டி விழும் துணித்துண்டுக்கு பம்பாயில் சிந்தி என்று பெயர். தாராவியில் சிந்தி இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. மெஷின் துடைக்க, எண்ணெய் துடைக்க, கை துடைக்க, பிள்ளைகளின் மூக்கைத் துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

எங்கள் லேப் நெருள் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய காலாவில் இருக்கிறது. தொழிற்கூடத்துக்கு பம்பாயில் அப்படித்தான் பெயர். ஷட்டர் கதவு, மேலே தகரம், உள்ளே ஏ.சி. மாட்டிய இரண்டு அறைகள். நடத்துகிறவர் மாட்டுங்காவைச் சேர்ந்த சாருலதா மேடம். பெரிய கம்பெனி ஒன்றில் இருந்து விலகி வந்து, வட்டிக்கு வாங்கித் தொடங்கியவர். முகப்பூச்சு கம்பெனிகளுக்கு மூலப்பொருள் செய்து கொடுத்துத்தான் லேப் ஓடியது. கைதுடைக்கும் டிஷ்யூ பெட்டியைத் தன் மேசையிலேயே வைத்திருப்பார். ஒன்றுக்குமேல் எடுத்தால் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பேராச்சி வாரம் ஒரு பை சிந்தி கொண்டுவர ஆரம்பித்தாள். வெள்ளைப் பனியன் துணி, மெத்தென்று தண்ணீரை உறிஞ்சும். லேபுக்குப் போகிற துணியாயிற்றே என்று அவள் அம்மா அதைத் தனியாக ஊறவைத்து, சோப்புத்தூளோடு வெள்ளைத்துணிக்குப் போடும் பொடியும் போட்டு, அலசிக் காயவைத்து அனுப்புவார். எங்கள் எல்லோருக்கும் அந்தத் துணி பிடித்துப்போயிற்று. மேடமே தன் கண்ணாடியை அதில் துடைப்பார்.

போன மழைக்காலத்தில் பெங்களூரிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு மேடத்தைக் கேட்டது. அந்தக் கத்தரிக்கான பொடியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம், வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது, நீங்கள் செய்து தர முடியுமா என்று. மேடம் இதைத் தேநீர் நேரத்தில் வருத்தமாகத்தான் சொன்னார், முடியாது என்று எழுதிவிடப் போவதாக. பேராச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான் செய்கிறேன் மேடம் என்றாள். அவள் அப்போது டெக்னீஷியன். கண்ணாடிச் சாமான் கழுவுவதும் கலக்குவதும் அவள் வேலை.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகும் ஒவ்வொரு பாட்டிலிலும் லாட் எண், செய்த கெமிஸ்டின் முதலெழுத்துகளில் தொடங்கும். டெக்னீஷியன் செய்தது மேடத்தின் எழுத்தில்தான் போகும். மேடம் அவளைப் பார்த்து, மாதிரி ஒன்று செய், பாஸ் ஆனால் உன் எழுத்தில் போகும், கெமிஸ்ட் என்று உத்தரவும் தருகிறேன், ஆகாவிட்டால் பழையபடி முகப்பூச்சுதான் என்றார். பேராச்சிக்கு அது போதுமாக இருந்தது. அன்று ரயிலில் வாஷி வரைக்கும் கண்ணாடி ஜன்னலில் ஆவி ஊதி, அதில் விரலால் தன் முதலெழுத்துகளை எழுதி எழுதி அழித்தாள்.

கூமரினைக் கட்டுவது லேசில்லை. அதன் கொக்கி சோம்பேறிக் கொக்கி, எதோடும் சேராது. சேர வைக்கும் மருந்தோ சூடு பட்டால் மணிமாலையையே கெடுத்துவிடும். நல்ல குளிரில், சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். எங்கள் குளிர்பதன மெஷின் அந்த வாரம் பார்த்து நின்றுபோனது. பேராச்சி ஐஸ் கட்டியை உடைத்து, கல் உப்புப் போட்டு, அதற்குள் குடுவையை இறக்கினாள். குல்ஃபிக்காரர் பானையில் செய்கிற அதே வேலை. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி நின்றது. அவள் குனிந்து சொட்டு விட, நான் உப்புப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஈரத்தில் என் விரல்கள் மரத்துப்போயின. இருவருக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. பிறகு அவள் அதைச் சிலிக்கா நிரப்பிய நீளக் கண்ணாடிக் குழாயில் இறக்கிச் சுத்தம் செய்தாள். ஆல்கஹாலில் கரைத்து மறுபடி படிகமாக்கினாள். வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி வந்தது. தூய்மை பார்க்கும் கருவியின் வரைபடத்தில் ஒரே ஒரு கோபுரம் எழுந்தது, பக்கத்தில் ஒரு புல்கூட இல்லை. கட்டாத கூமரின் மிச்சமிருந்தால் அங்கே தனிக் கோபுரமாகத் தெரிந்திருக்கும்.

ஒளி அளக்கிற சோதனை என் வேலை. கருந்தட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஒரு வரிசையில் அவள் பொடியின் கரைசல் மட்டும், கத்தரி சேர்க்காமல். அது இருட்டாக இருக்க வேண்டும். இன்னொரு வரிசையில் ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாட்டுப் பொடி. மூன்றாவதில் வெறும் கரைப்பான். தட்டைக் கருவிக்குள் அனுப்பினேன். கரைப்பான் இருட்டு. வெளிநாட்டுப் பொடி இருட்டு. பேராச்சியின் வரிசை, கத்தரி சேர்க்கும் முன்னாலேயே, ஒளிர்ந்தது.

அவள் கழுவி வைத்திருந்த குப்பிகளை எடுத்து மறுபடி மெத்தனால் விட்டு அலசி, கண்ணாடிக் குச்சியில் சிந்தியைச் சுற்றி உள்ளே விட்டு அழுத்தித் துடைத்து, பொடியைப் புதிதாகக் கரைத்துக் கொண்டுவந்தாள். மறுநாள் அளந்தோம். முன்னைவிட அதிகமாக ஒளிர்ந்தது.

மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

“கத்தரியே போடலை, அதுக்குள்ள ஜொலிக்கறது. கூமரின் கழண்டு நிக்கறதுன்னுதானே அர்த்தம்?”

கழண்டிருந்தால் தூய்மைக் கருவியில் தெரிந்திருக்குமே என்று பேராச்சி சொன்னாள்.

“அது எனக்கும் தெரியறது. ஆனா அவா வாங்கப்போறது கோபுரத்தை இல்லம்மா, இருட்டை. நாளை சாயங்காலம் கூரியர் வரான். அதுக்குள்ள இருட்டாகலேன்னா நான் முடியாதுன்னு எழுதிடறேன்.”

புதன்கிழமை அது. ரயிலில் பேராச்சி யாருக்கும் கதை சொல்லவில்லை. கோவண்டி வந்தது, நான் இறங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு இறங்கத் தோன்றவில்லை. குர்லாவில் இறங்கி பஸ் பிடித்து தாராவி போனோம். தொண்ணூறு அடி சாலையில் ஹமீது அண்ணனின் தோல்பை கடை இருக்கிறது. மேலப்பாளையத்துக்காரர், அவள் அப்பாவுக்குப் பழக்கம். அவள் அப்பாவின் பைக்கு ஜிப் மாற்றக் கொடுத்திருந்தார்கள், அதை வாங்க நின்றோம். அவர் தேநீர் வரவழைத்தார். நான் எடுக்கும்போது கண்ணாடி மேசையில் கொட்டிவிட்டேன். பேராச்சி பழக்கதோஷத்தில் பையிலிருந்து ஒரு சிந்தியை எடுத்துத் துடைத்தாள்.

மேசை ஓரத்தில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹமீது அண்ணன் அப்போதுதான் ஒருவரிடம் வாங்கிய நோட்டை அதன் கீழ் காட்டிக்கொண்டிருந்தார். அவள் கை விளக்குப் பக்கம் போனதும் துணி தீப்பிடித்ததுபோல நீல வெள்ளையாக எரிந்தது. பக்கத்தில் நோட்டு கருத்துக் கிடந்தது, அதில் எண்களும் ஒரு கோடும் மட்டும் மின்னின.

“என்னம்மா, உன் துணி கள்ளத்துணியாயிருக்கு,” என்றார் ஹமீது அண்ணன். “நல்ல நோட்டு காயிதம் இப்படித்தான் கருப்பாக் கெடக்கும். கள்ள நோட்டு சாதாக் காயிதம்லா. வெள்ளையாத் தெரியணும்னு மருந்து போட்டிருப்பான். விளக்குல காட்டுனா பல்லைக் காட்டிரும்.”

பேராச்சி துணியை விளக்கின் கீழேயே பிடித்துக்கொண்டு நின்றாள். எடுத்தாள், மறுபடி காட்டினாள். பிறகு என் கையைப் பிடித்தாள். 

“ஏட்டி கீதா. குப்பிய நான் எதுல தொடச்சேன்?”

நான் அவள் கையில் இருந்த துணியைப் பார்த்தேன். 

“தூய்மை பாக்கதுக்கு புதுக் குப்பி, ஒரு தடவ போட்டுத் தூக்கி எறியது. தட்டுக்குக் கரைச்சது கழுவுன குப்பி. வெளிநாட்டுப் பொடி அவன் குப்பியிலயே வந்துது. கரைப்பான் நேரா பாட்டில்ல இருந்து.” ஒவ்வொன்றாக விரல் மடக்கினாள். “துணி பட்டது எனக்கு மட்டுந்தான். நல்லாத் தொடைக்க நல்லாத் தொடைக்க ஒளி கூடுது. எங்கம்மா துணிக்குப் போடுத வெள்ளைப் பொடி மெத்தனால்ல கரையும்ட்டி. நானே தேச்சு உள்ள பூசியிருக்கேன்.”

ஹமீது அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எங்கள் இருவர் முகத்திலும் வந்த சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார்.

கோவண்டிக்குத் திரும்பும்போது எனக்கு ஒரு எண்ணம் விடவே இல்லை. லேபிலும் ஊதா விளக்கு இருக்கிறது. தினமும் அதன் கீழ் கைவைக்கிறேன். என் கோட்டின் முழங்கை நீலமாக ஒளிர்வதைத் தினமும் பார்த்திருக்கிறேன். எல்லோருடைய கோட்டும் ஒளிரும், அதனால் அதைக் கேள்வியாகவே நினைத்ததில்லை. படிப்பு எனக்குப் பதில்களைக் கொடுத்திருக்கிறது. பார்க்கிறதைப் பார்த்ததாக எடுத்துக்கொள்ள யார் கற்றுக்கொடுப்பார்கள்?

மறுநாள் காலை மேடம் வரும் முன்னால் நாங்கள் ஷட்டரைத் தூக்கியிருந்தோம். பேராச்சி புதுக் குப்பிப் பெட்டியைப் பிரித்தாள். முதல் வரிசைக்கு, புதுக் குப்பியில் கரைத்த அவள் பொடி. இரண்டாவதற்கு, பொடியே இல்லாமல், சிந்தியால் துடைத்த பழைய குப்பியில் வெறும் கரைப்பான். மூன்றாவது வரிசையில் அவள் பொடியோடு கத்தரி. நான்காவதில் பொடியும் கத்தரியும், கத்தரியை நிறுத்தும் என்று ஏற்கெனவே தெரிந்த மருந்தும். தட்டு உள்ளே போனது. இருவரும் திரைக்கு முன்னால் ஒரே ஸ்டூலில் பாதிப் பாதியாக உட்கார்ந்தோம்.

முதல் வரிசை இருட்டு. வெளிநாட்டுப் பொடியைப்போலவே இருட்டு. இரண்டாவது, பொடியே இல்லாத வரிசை, பளீரென்றிருந்தது. மூன்றாவதின் கோடு முதலில் கீழே கிடந்து, மெல்லத் தலைதூக்கி, நிற்காமல் ஏறியது. கத்தரி அவள் கோத்த மாலையை வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கூமரின் அவிழ்கிறது. நான்காவதின் கோடு தரையோடு தரையாக ஓடியது. பேராச்சி வாயில் துப்பட்டாவை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.  கல்லூரியில் இதை எத்தனையோ தடவை படமாக வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது உண்மையிலேயே நடக்கிற விஷயம் என்பது அந்தக் கோடு ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது.

மேடம் வந்ததும் திரையைக் காட்டலாம், பாஸ் என்று சொல்லிவிடலாம். குப்பி சரியில்லை, மாற்றினோம் என்றால் போதும். நான் அப்படித்தான் யோசித்தேன், அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். டெக்னீஷியனின் தப்பில் லாட் இரண்டு தடவை தோற்றது என்று தெரிந்தால் கெமிஸ்ட் உத்தரவு வருமா என்று எனக்குப் பயம். அவள் கேட்கவில்லை. மேடம் செருப்பைக் கழற்றுவதற்குள் எதிரே போய் நின்றாள்.

“மேடம், பொடி சுத்தம். நான் கொண்டாந்த துணிதான் கெடுத்திருக்கு. எங்கம்மா வெள்ளைப் பொடி போட்டு அலசுதாங்க. அதுதான் ஒளிருது.”

மேடம் உள்ளே வந்தார். நான்கு வரிசைகளையும் பார்த்தார். ஊதா விளக்கை எடுத்து ஒரு சிந்தியில் காட்டினார். பிறகு தன் கைக்குட்டையில் காட்டினார், கோட்டில் காட்டினார், கடைசியாகத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் கீழ் பிடித்தார். கண்ணாடி ஓரத்தில் நீலமாக ஒரு தீற்றல் தெரிந்தது.

“நானும் இதுலதானே தொடச்சிண்டிருக்கேன்,” என்றார். அப்புறம், “டிஷ்யூவை நான் என் மேசையிலயே வெச்சுக்காம இருந்திருந்தா நீ ஏன் துணி கொண்டு வரப்போறே,” என்றார். அதை எங்களிடம் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. பெட்டியைத் தன் மேசையிலிருந்து எடுத்து நடு மேசையில் வைத்தார். “லேபிளை நீயே எழுது. உன் எழுத்துல.”

பேராச்சி மூன்று லேபிளைக் கெடுத்தாள். நான்காவதில் ராஜபாண்டியின் மகள் பேராச்சியின் இரண்டு எழுத்துகளும் நேராக விழுந்தன. கூரியர்காரர் வாங்கிப் பையில் போட்டபோது, மெதுவா மெதுவா என்று இந்தியில் அவரிடம் கெஞ்சினாள். அதன்பிறகு பெங்களூர்க்காரர்களிடமிருந்து பதில் வரும்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் மதியம் வந்தது, சின்னப் பதில்தான். கத்தரி சேர்க்காதபோது இருட்டாக இருக்கிறது, தொடர்ந்து அனுப்புங்கள் என்று. மேடம் அதை அச்செடுத்து, கூடவே அவளுக்கான உத்தரவையும் அச்செடுத்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை நானும் தாராவிக்குப் போனேன். பேராச்சி அம்மாவுக்குப் போனில் தட்டின் படத்தைக் காட்டினாள். ஊதா விளக்கில் எடுத்தது. விஜயலட்சுமி அம்மா பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியை மடியில் வைத்துவிட்டு, போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுல உன்னோடது எதுட்டி?”

“இந்தா, கருப்பாக் கெடக்குல்லா, இது. இங்கன நீலமா இருக்கதும் என்னோடதுதான், வெட்டுனப்புறம்.”

“அப்ப இது?” அவர் விரல் இரண்டாவது வரிசையில் நின்றது. எல்லாவற்றையும்விட அதுதான் பளிச்சென்று இருந்தது.

“அது நீ அலசுன துணிம்மா.”

விஜயலட்சுமி அம்மா படத்தை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஏணிப்படியில் ஏறிவந்துகொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டார்.

“ஏங்க, இங்க வந்து பாருங்க. இவ படிச்ச படிப்புக்கு, என் வெளுப்புதான் முதல்ல நிக்கி.”